சங்கிலி ராட்டினத்தை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்கிறீர்களா? கணக்கு எங்கே சறுக்கும், வைவாவில் எங்கே பிடிப்பார்கள்

மெக்கானிக்கல் மாணவர்கள் சுழலும் ராட்டினத்தை டிசைன் ப்ராஜெக்டாக எடுத்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பதினாறு இருக்கையிலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்து லோடு போடுவார்கள். அனாலிசிஸ் படம் முழுக்க நீல நிறமாக, அதாவது ஸ்ட்ரெஸ் குறைவு என்று வரும். 'டிசைன் இஸ் சேஃப்' என்று கடைசி ஸ்லைடில் எழுதிவிடுவார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) கேட்பது ஒரே கேள்வி: "எட்டுப் பேர் ஒரே பக்கம் உட்கார்ந்தால்?"

அந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லத் தயாராவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் பார்க்கும் சங்கிலி ராட்டினத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நடுவில் நிற்கும் தூண், அதன் தலையில் சுழலும் சட்டகம், சட்டகத்தின் ஓரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் 16 இருக்கைகள்.

முதலில் வடிவ அளவுகள். சங்கிலி மாட்டும் இடம் மையத்திலிருந்து 4 மீட்டர், சங்கிலி நீளம் 4 மீட்டர், மாட்டும் உயரம் 6 மீட்டர் என்று வைப்போம். இருக்கை எந்தக் கோணத்தில் விரியும் என்பதற்கான சமன்பாடு எளிது: டான் கோணம் = கோண வேகத்தின் வர்க்கம் × ஆரம் ÷ 9.81. ஆனால் விரிந்த பிறகுள்ள ஆரம் 4 + 4 சைன் கோணம் என்பதால் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் கோணம் வந்துவிடும். வேகத்தை முதலில் வைத்துக்கொண்டு கோணம் தேடினால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கோணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வேகத்தைக் கண்டுபிடியுங்கள், ஒரே வரியில் முடியும்.

40 பாகை என்று வைத்தால் ஆரம் 6.57 மீட்டர், கோண வேகம் நொடிக்கு 1.12 ரேடியன். அதாவது நிமிடத்துக்கு 10.7 சுற்று, இருக்கையின் வேகம் நொடிக்கு 7.35 மீட்டர்.

இந்தச் சமன்பாட்டில் நிறை இல்லை என்பதைக் கவனியுங்கள். காலி இருக்கையும் ஆள் உட்கார்ந்த இருக்கையும் ஏறக்குறைய ஒரே கோணத்தில்தான் விரியும். கொஞ்சம் வித்தியாசம் வந்தால் அது காற்றின் இழுவையால் வருவது. எடை குறைந்த காலி இருக்கையை அது அதிகமாகப் பின்னால் தள்ளும். "பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் மோதிக்கொள்ளுமா?" என்று கேட்டால் பதில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது லோடு. பயணி 75 கிலோ, இருக்கையும் சங்கிலியும் சேர்ந்து 20 கிலோ. சுழலும் சட்டகம் 2,000 கிலோ. நடுத்தூணுக்கு 323.9 மி.மீ. வெளிவிட்டமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள பைப்பை எடுத்திருக்கிறோம். எல்லா இருக்கையும் நிரம்பினால் வெளிநோக்கிய விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். தூணுக்கு வெறும் எடை மட்டும் இறங்கும், ஏறத்தாழ 34.5 கிலோநியூட்டன். ஸ்ட்ரெஸ் 3.5 மெகாபாஸ்கல். நீலப் படம் வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒரு பக்கம் மட்டும் அடுத்தடுத்து எட்டுப் பேர் உட்காரட்டும். சமநிலையைக் கெடுப்பது பயணியின் 75 கிலோ மட்டுமே, ஏனென்றால் இருக்கைகள் எதிரெதிராக இருக்கின்றன. ஒருவரால் வரும் வெளிநோக்கு விசை 617 நியூட்டன். எட்டு விசைகளையும் திசையோடு கூட்டினால் 8 மடங்கு வராது, 5.13 மடங்குதான் வரும். எனவே கிடைவிசை சுமார் 3,160 நியூட்டன். அது 6 மீட்டர் உயரத்தில் இழுப்பதால் அடியில் 19 கிலோநியூட்டன்-மீட்டர் பெண்டிங் மொமென்ட், அதாவது வளைக்கும் திருப்பம். அதோடு அந்த எட்டுப் பேரின் எடை 4 மீட்டர் தள்ளி ஒரே பக்கம் இறங்குவதால் இன்னொரு 15. இரண்டும் ஒரே திசையில் சாய்ப்பவை, கூட்டத்தான் வேண்டும். மொத்தம் 34. பலர் முதலாவதை மட்டும் எடுத்து இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

பைப்பின் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் வடிவ அளவு) 751 கன செ.மீ. ஸ்ட்ரெஸ் 45 மெகாபாஸ்கல். பாதி ஆள் ஏறினால் முழு ஆளுக்கு வந்ததைப் போல் 13 மடங்கு. மோசமான நிலை முழு லோடு அல்ல என்று ஒரே ஸ்லைடில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ரிவ்யூவில் உங்கள் மதிப்பே மாறும்.

அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. யீல்டு (இரும்பு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) 250 மெகாபாஸ்கல், வந்திருப்பது 45, ஆகவே சேஃப்டி ஃபேக்டர் ஐந்தரை என்று எழுதினால் அடுத்த குழியில் விழுந்துவிட்டீர்கள். தூண் நிற்கிறது, சாய்க்கும் விசை அதைச் சுற்றி வருகிறது. தூணின் ஒரு பக்கம் இப்போது இழுபட்டால், அரைச் சுற்றில் அதே பக்கம் அமுங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் +45லிருந்து −45 வரை, துல்லியமாக 45.4 × 2, அதாவது 91 மெகாபாஸ்கல் வீச்சு. ஒரு சவாரிக்கு 30 சுற்று, நாளைக்கு 64 சவாரி என்றால் 1,920 சுற்று. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 5,76,000. வெல்டிங் ஃபெட்டீக் (லோடு திரும்பத் திரும்ப வந்து விரிசல் விடுவது) வளைகோடுகள் 20 லட்சம் சுழற்சிக்குத்தான் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அதை மூன்றரை ஆண்டில் தொட்டுவிடுவோம்.

அடித்தகட்டோடு தூணை வெறும் ஃபில்லட் வெல்டால் பிடித்து, அதற்கு டீட்டெய்ல் கேட்டகிரி (20 லட்சம் சுழற்சி தாங்கும் ஸ்ட்ரெஸ் வீச்சு) 40 என்று எடுத்தால் ஆயுள் = 20 லட்சம் × (40/91) முப்படி, சுமார் 1,70,000 சுழற்சி. ஒவ்வொரு சுற்றும் மோசமான நிலையிலேயே ஓடினால் 88 நாள்! சேஃப்டி ஃபேக்டர் ஐந்தரை உள்ள தூண் மூன்று மாதத்தில் வெல்டின் ஓரத்தில் விரிசல் விடும் என்று உங்கள் கணக்கே சொல்கிறது. நிஜத்தில் எல்லா சவாரியிலும் ஒரு பக்கம் மட்டும் ஆள் ஏறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆபரேட்டர் ஆட்களைப் பிரித்து உட்கார வைப்பார் என்பதை நம்பி தூணை டிசைன் செய்ய முடியாது.

திருத்தம் இரண்டு இடத்தில். ஃபில்லட்டை விட்டுவிட்டு ஊடுருவும் பட் வெல்டுக்குப் போய் கேட்டகிரியை 71 ஆக்குங்கள். பைப்பை 406.4 × 12.5 ஆக்குங்கள். மாடுலஸ் 1,478, ஸ்ட்ரெஸ் வீச்சு 46. கேட்டகிரி 71க்கு நிலையான வீச்சின் எல்லை, அதாவது அதற்குக் கீழே இருந்தால் ஃபெட்டீக் வராது என்று எடுக்கும் அளவு, 52. உள்ளே வந்துவிட்டது, ஆனால் பகுதிப் பாதுகாப்புக் குணகத்தால் வகுத்ததும் மறுபடி இடிக்கும். இன்னொரு தடிமன் மேலே போக வேண்டியிருக்கும் என்று நேர்மையாக எழுதுங்கள். எல்லையில் தொங்கும் எண்ணைச் சரி என்று சாதிப்பதைவிட, அடுத்த அளவு ஏன் வேண்டும் என்று சொல்கிற மாணவருக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும்.

இங்கே கிடைக்கும் பாடத்தை ஒவ்வொரு பாகத்துக்கும் பொருத்திப் பாருங்கள்: லோடு இந்தப் பாகத்தைச் சுற்றி வருகிறதா, அல்லது இந்தப் பாகத்தோடு சேர்ந்தே சுற்றுகிறதா? நிற்கும் தூணுக்குச் சுற்றி வருகிறது. சுழலும் சட்டகத்தின் கைகளுக்கோ அதே லோடு அசையாமல் நிற்கிறது. கைக்கு ஒரு சவாரிக்கு ஏறக்குறைய ஒரு பெரிய சுழற்சிதான், ஆண்டுக்கு 19,200. தூணுக்கு வருவதில் முப்பதில் ஒரு பங்கு. காற்று வந்தால் தலைகீழ்: தூணுக்குக் காற்று ஒரே பக்கமிருந்து அடிக்கிறது, சுழலும் கைக்கு ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறுகிறது. ராட்டினத்தை லெவல் பார்க்காமல் சாய்வாக நிறுத்தினாலும் இதே கதிதான், சுழலும் பாகங்களுக்குப் புவியீர்ப்பே சுற்றி வரும் லோடாகிவிடும். பேரிங் ஃபிட்டும் இதே விதிப்படிதான். எந்த வளையத்தைச் சுற்றி லோடு ஓடுகிறதோ அந்த வளையம் இறுக்கமான ஃபிட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வளையம் தன் இருப்பிடத்தில் மெல்ல நகர்ந்து தேய்த்துவிடும்.

சட்டகத்தைத் தாங்கிச் சுழல விடும் பெரிய வளையம்தான் ஸ்லூயிங் பேரிங். அது 5.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அங்கே மொமென்ட் கிட்டத்தட்ட 16.7 கிலோநியூட்டன்-மீட்டர். 600 மி.மீ. போல்ட் வட்டத்தில் 24 எம்16 போல்ட் போட்டால், அதிக இழுப்பு வரும் போல்ட்டுக்கு 4.6 கிலோநியூட்டன்தான். கிரேடு 10.9 எம்16 போல்ட்டை முறையாக இறுக்கினால் 90 கிலோநியூட்டனுக்கு மேல் ப்ரீலோடு (இறுக்குவதால் போல்ட்டில் நிற்கும் இழுவிசை) நிற்கும். அப்படியிருந்தும் போல்ட் உடைவது ஏன் என்று கேட்பார்கள். இறுக்கம் போனதால்தான். ப்ரீலோடு இருக்கும்வரை வெளி லோடின் ஏற்ற இறக்கம் போல்ட்டுக்குள் கொஞ்சம்தான் போகும். தளர்ந்தால் முழுதும் போல்ட்டிலேயே விழுந்து ஃபெட்டீக்கில் அறுக்கும். ஃபிளேஞ்ச் முகத்தில் பெயின்ட் தடிமனாக இருந்தாலே பெயின்ட் அமுங்கி இறுக்கம் போய்விடும். ஆகவே அந்த முகத்தைப் பெயின்ட் இல்லாமல் விடச் சொல்லி டிராயிங்கில் குறிப்பு எழுதுங்கள். பேரிங் பாதையைக் கடினப்படுத்தும்போது தொடக்கமும் முடிவும் சந்திக்கும் ஒரு மென்மையான இடம் இருக்கும், வளையத்தில் அடையாளமும் இருக்கும். நிரந்தரமாக அதிக லோடு வரும் திசையிலிருந்து அதை 90 பாகை தள்ளிப் பொருத்த வேண்டும்.

டிரைவில் கணக்கு எளிது, தேர்வில்தான் பிழை. 16 இருக்கையும் நிரம்பிய நிலையில் 1,520 கிலோ 6.57 மீட்டரில் சுழல்கிறது. சட்டகத்தோடு சேர்த்து நிலைமத் திருப்பம் சுமார் 78,000 கிலோ-சதுர மீட்டர். 20 நொடியில் முழு வேகத்துக்கு வர 4,370 நியூட்டன்-மீட்டர் டார்க், கடைசி நொடியில் 4.9 கிலோவாட். காற்றின் இழுவைக்கு ஆளுக்கு 0.6 சதுர மீட்டர் வைத்தால் 2.3 கிலோவாட். செயல்திறன் 85 சதவீதம் என்றால் எட்டரை. 11 கிலோவாட் மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியும் போதும். 1,450லிருந்து 10.7க்கு இறங்க விகிதம் 135. பினியன் (சிறு பல்சக்கரம்) 17 பல், வளையம் 119 பல் என்று 7ஐ அங்கே எடுத்துவிட்டால் கியர்பாக்ஸுக்கு 19.4 மிஞ்சும்.

அந்த 19.4ஐப் பார்த்ததும் வார்ம் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும்) கியர்பாக்ஸ் போடத் தோன்றும். விலை குறைவு, இடமும் குறைவு. வேண்டாம். திரும்பிச் சுழலாத, தானே பூட்டிக்கொள்ளும் வார்ம் என்றால் கரன்ட் போன நொடியில் மோட்டார் நிற்கும், வார்மும் நிற்கும், மேலே ஒன்றரை டன் ஆளும் இருக்கையும் நிற்காது. ஒரே நொடியில் நிறுத்த 87,000 நியூட்டன்-மீட்டர் வேண்டும். பினியன் பல் பறக்கும், அதற்கு முன் இருக்கைகள் முன்னால் பாய்ந்து மோதும். ஹெலிகல் அல்லது பிளானட்டரி கியர்பாக்ஸ் போட்டு, பிரேக்கைச் சீராகப் பிடிக்கும்படி அமையுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் என்றால் உடனே நிறுத்துவது என்று பொருள் இல்லை. 5 நொடியில் நிறுத்தினால் இருக்கைக்கு வரும் எதிர்முடுக்கம் சுமார் 1.5 மீ/வி². இருக்கைகள் சுமார் 8 பாகை முன்னால் சாயும். தாங்கக்கூடியது.

சங்கிலியில் பலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், தேவையில்லை. ஒரு இருக்கையின் மொத்த இழுவிசை 1,217 நியூட்டன். நான்கு சங்கிலி இருந்தாலும் இரண்டுதான் தாங்குகிறது என்று வைத்து ஒன்றுக்கு 610, பத்து மடங்கு வைத்தாலும் 6.1 கிலோநியூட்டன். 6 மி.மீ. கிரேடு 80 குறுவளையச் சங்கிலி 45 கிலோநியூட்டன் தாங்கும். சங்கிலி அறுவதற்குக் காரணம் பலக் குறைவாக இருக்காது, தேய்மானமாகத்தான் இருக்கும். வளையமும் வளையமும் உட்காரும் வளைவில் கம்பி மெலியும். நிமிர்ந்து தொங்கும்போது அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. சங்கிலியைத் தளர்த்தி, வளையத்தை மடக்கி, அங்கே வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். 10 சதவீதம் மெலிந்தால் மாற்றிவிட வேண்டும் என்று பராமரிப்பு அட்டவணையில் எழுதுங்கள். இடுப்புக் கம்பிக்குத் தனியாக இரண்டாவது பூட்டு காட்டியிருக்கிறீர்களா என்பதையும் கேட்பார்கள். குழந்தை கம்பிக்கடியில் நழுவாமலிருக்கக் கால்களுக்கிடையே வரும் பட்டையும் வேண்டும்.

மாடல் செய்கிறவர்களுக்கு ஒன்று. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்துவிட்டு 10.7 சுற்றிலேயே ஓட்டினால் இருக்கைகள் பெயருக்குத்தான் விரியும், ஏதோ தப்பு என்று பதறுவீர்கள். நீளம் பத்தில் ஒன்றானால் வேகம் பத்தின் வர்க்கமூலம் மடங்கு ஏற வேண்டும். 34 சுற்றில் ஓட்டுங்கள், 40 பாகை வரும். 60 ஆர்பிஎம், 12 வோல்ட் கியர் மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டு போர்டும் போதும். வைவா மேசையில் இதை ஓட்டிக்காட்டி, ஒரு பக்கம் மட்டும் எடை வைத்து அடித்தகடு ஆடுவதையும் காட்டினால் முதலில் சொன்ன கேள்விக்கு வாயால் பதில் சொல்லவே தேவையிருக்காது.

ஸ்டாண்டர்டு எது என்று கேட்டால் ஐரோப்பாவின் இஎன் 13814, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2291, சர்வதேச ஐஎஸ்ஓ 17842 ஆகியவற்றில் ஒன்றை எடுத்து, லோடு கேஸ்களையும் குணகங்களையும் அதிலிருந்தே எடுங்கள். இரண்டிலிருந்து பாதி பாதி எடுக்காதீர்கள். லோடு கேஸ் அட்டவணையில் காலி, முழுது, பாதி, எமர்ஜென்சி ஸ்டாப், காற்று, சாய்வு என குறைந்தது ஆறு கேஸ் இருக்கட்டும்.

கடைசியாகத் துரு. 2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் ஃபயர் பால் என்ற சுழலும் ராட்டினத்தில் ஒரு இருக்கை வரிசை கழன்று ஒருவர் அன்றே உயிரிழந்தார். இருக்கைகளைத் தாங்கிய உத்திரத்தின் உட்புறத்தில் துரு ஏறி, பல ஆண்டுகளில் சுவர் தடிமன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது என்று அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. வெளியில் பெயின்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது தெரியாது. உங்கள் டிசைனில் கைகளும் தூணும் உள்ளீடற்ற பைப்தான். ஒன்று, பைப்பின் இரு முனையும் தகடு வைத்து முழுதும் அடைத்து வெல்டு செய்யுங்கள். அல்லது, நீர் தேங்கும் தாழ்வான முனையில் 10 மி.மீ. வடிகால் துளை விடுங்கள், ஆனால் வெல்டுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அரைகுறையாக மூடினால் உள்ளே போன மழைநீர் வெளியே வராது. ஒவ்வொரு கைக்கும் அடிப்பக்கத்தில், வெல்டிலிருந்து 50 மி.மீ. தள்ளி, அல்ட்ராசோனிக் தடிமன் அளக்கும் மூன்று புள்ளிகளை டிராயிங்கில் எண்ணோடு குறித்து, முதல் அளவுகளை எழுத ஒரு காலிக் கட்டத்தையும் அதன் பக்கத்தில் விடுங்கள்.