கார்பன் ரியாக்டர்: நாலாவது தடவைல செட் ஆயிருச்சு

ஒரு வழியா என் கடல் கோரல் டேங்க் தண்ணில மஞ்சள் போயிருச்சு, ஹேமர் கோரலும் நேத்து மத்தியானம் பழையபடி முழுசா விரிஞ்சு ஆடிட்டு இருந்துச்சு, அந்த சந்தோஷத்துல எழுதறேன்.

டேங்க், கீழ ஃபில்டர் சாமான் வைக்கிற சம்ப்போட சேர்த்து 200 லிட்டர் தண்ணி இருக்கும். போன மாசம் டோட்ஸ்டூல் லெதரோட (காளான் மாதிரி இருக்கற மெத்து கோரல்) தொப்பியை வெட்டி மூணு ஃப்ராக், அதாவது தனியா வளர்க்க சின்னத் துண்டு, எடுத்தேன். வெட்டினப்ப வந்த நாத்தம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஹால் முழுக்க அடிச்சுது. மறுநாள் காலைல ஹேமர் சுருங்கிப் போய் எலும்பு தெரியுது, அக்ரோபோரா கோரல் ரெண்டுலயும் கோழை கோழையா வழியுது. லெதர் வகைல நிறைய டெர்பீன் மாதிரி விஷத்தை தண்ணில விட்டுத்தான் பக்கத்துல இருக்கறதை அடக்கி வைக்கும், கடல்ல அது கரைஞ்சு போயிடும், நம்ம டேங்க்ல எங்க போகும்? சுத்தி சுத்தி அங்கதான் வரும். தண்ணி மாத்தினேன், ஸ்கிம்மரை (நுரையில அழுக்கைப் பிரிக்கிற மெஷின்) நுரை தண்ணியா வர்ற மாதிரி ஓட்டினேன், கொஞ்சம் தேவலாம், அவ்ளோதான். அதுவரைக்கும் கார்பனை (தண்ணில இருக்கற விஷத்தையும் மஞ்சளையும் இழுத்துக்கற கரி) ஒரு வலைப்பையில போட்டு சம்ப்ல தொங்க விட்டுட்டு இருந்தவன், இதுக்கப்புறம்தான் ரியாக்டர், அதாவது கார்பன் வழியா தண்ணியை பம்ப் பண்ணி ஓட்டற டப்பா, வாங்கினேன்.

முதல் தடவை, பேர் ஒட்டாம பாக்கெட்ல விக்கிற கார்பன். சல்லடையில போட்டு குழாய்ல காட்டிட்டு அப்படியே ஏத்திட்டேன். அரை மணி நேரத்துல டேங்க் முழுக்க சாம்பல் கலர், மணல் மேல கருப்பா ஒரு படலம். எனக்கு பயம் சர்ஜன் மீன் வகையான யெல்லோ டேங் மீனுக்குத்தான். அமெரிக்கால டொலிடோ மிருகக்காட்சி சாலைக்காரங்க 2011-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கார்பன் ஓடின டேங்க்ல சர்ஜன் மீனுங்களுக்கு தலையிலயும் பக்கவாட்டு கோட்டுலயும் புண் மோசமா வந்துச்சு, கெட்டியான பெல்லட் கார்பன் ஓடினதுல ரொம்ப கம்மி. அதைப் படிச்சவன் தூளைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா, அன்னைக்கே கழட்டிட்டேன். அதுவுமில்லாம அதே கார்பன் ரெண்டு ஸ்பூனை புதுசா கலக்கின உப்புத்தண்ணில ஒரு ராத்திரி ஊற வச்சு ஹன்னா செக்கர்ல (தண்ணி டெஸ்ட் பண்ற மீட்டர்) பாத்தா, பாசிக்கு உரமாகற பாஸ்பேட் 0.21. கார்பன் போடாத அதே தண்ணில 0.02. பாஸ்பேட்டை நாமளே அள்ளிக் கொட்டுற கதை. புது கார்பன் எது வாங்கினாலும் இந்த ஒரு ராத்திரி டெஸ்ட் போடாம டேங்க்ல ஏத்தாதீங்க.

இப்ப போட்டிருக்கறது ஆசிட்ல கழுவின 0.8 மில்லிமீட்டர் பெல்லட், ராக்ஸ்னு ஒரு கார்பன். விலை கூடத்தான், ஆனா சேமியாவை பொடியா உடைச்ச மாதிரி ஒரே சைஸ்ல இருக்கும், விரல்ல தேச்சா கருப்பு ஒட்டறது கம்மி. கழுவற விஷயத்துல இப்ப நான் பண்றது என்னன்னா, மூணு டேபிள்ஸ்பூன் கார்பனை பாத்திரத்துல போட்டு ஆர்ஓ ஃபில்டர்ல சுத்தம் பண்ணின தண்ணி ஊத்துவேன், ஊத்தினதும் சொர்ர்ருனு சின்னதா ஒரு சத்தம் வரும் பாருங்க, அது துளைக்குள்ள இருக்கற காத்து வெளிய வர்றது. ராத்திரி முழுக்க ஊறணும், காலைல மிதந்துட்டு இருந்ததெல்லாம் அடியில உக்காந்திருக்கும். ஊறாம ஏத்தினா பாதி கார்பன் மேல போய் ஸ்பாஞ்சுல அப்பிக்கும், தண்ணி ஓரமா வழி பண்ணிட்டு போயிடும். அப்புறம் அரிசி களையற மாதிரி அஞ்சாறு தடவை, களைஞ்ச தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். ரியாக்டர்ல போட்டப்புறமும் வெளிய வர்ற டியூபை சம்ப்ல விடாம வாளியில விட்டு முதல் அஞ்சு லிட்டரை கீழ கொட்டிடுவேன்.

ரெண்டாவது, மூணாவது தடவை சொதப்பினது ஃப்ளோவுல, தண்ணி ஓடற வேகத்துல. கார்பன் குதிக்கவே கூடாது, குதிச்சா ஒண்ணோட ஒண்ணு அரைஞ்சு திரும்ப தூள். பால் பொங்கறதுக்கு முன்னாடி ஆடை லேசா அசையும் இல்ல, மேல் அடுக்கு மட்டும் அந்த அளவுக்கு அசைஞ்சா போதும். பந்து வால்வுல (ball valve) இது வரவே இல்ல, ஒரு நூல் திருப்பினா கார்பன் கூத்தாடுது, ஒரு நூல் மூடினா அப்படியே செத்துப் போகுது. கடைசில கொஞ்சம் கொஞ்சமா திருகற கேட் வால்வு வாங்கி தண்ணி உள்ள போற பக்கம் மாட்டினேன், அஞ்சே நிமிஷத்துல செட் ஆயிருச்சு. வெளிய வர்ற பக்கம் மாட்டி இறுக்கினப்ப மூடியோரம் கசிஞ்சுது, அதனால உள்பக்கம்தான் நல்லது.

இன்னொண்ணு, வெளிச்சம். மஞ்சள் தண்ணி நீல வெளிச்சத்தை நிறைய முழுங்கிட்டு இருந்துச்சு, அது திடீர்னு போனதும் கோரலுக்கு வெயில்ல நிறுத்தின மாதிரி. மூணாம் நாளே ஒரு அக்ரோபோரா மேல் பக்கம் வெளுக்க ஆரம்பிச்சுது, உடனே லைட்டை 70 சதவீதத்துல இருந்து 55-க்கு இறக்கினேன். இப்ப நாலு நாளைக்கு ரெண்டு ரெண்டா ஏத்திட்டு இருக்கேன், 61-ல நிக்குது, வெளுத்த இடத்துல கலர் மெதுவா வருது. முதல்லயே பாதி அளவு கார்பன்ல ஆரம்பிச்சிருக்கணும்.

நடுவுல பொள்ளாச்சில இருந்து வந்த மச்சான், அங்க தேங்காய் தொட்டில (சிரட்டை) தான கார்பனே பண்றாங்கன்னு சொல்லி ரெண்டு கிலோ கொண்டு வந்து குடுத்தாரு. அருமையான சரக்கு, கல்லு மாதிரி கெட்டி. ஆனா தேங்காய் தொட்டி கார்பன்ல பெரும்பாலும் ரெண்டு நானோமீட்டருக்கும் குறைஞ்ச பொடித் துளைதான், குளோரினைப் புடிக்க அது போதும், தண்ணியை மஞ்சளாக்குற பெரிய மூலக்கூறு அதுக்குள்ள நுழைய கஷ்டப்படும். அதனால அதை ஆர்ஓ யூனிட்டுக்கு ஒதுக்கிட்டேன், சிங்கப்பூர் குழாய்த்தண்ணில குளோரமின் இருக்கு, ஆர்ஓல இருக்கற கார்பன் பிளாக்குக்கு (கட்டி கார்பன் ஃபில்டர்) முன்னாடி காலியா கிடக்கற ஒரு ஃபில்டர் கூட்டுல இதை நிரப்பினா பிளாக் கூட கொஞ்ச நாள் உழைக்கும்னு நினைக்கிறேன். இந்த சனிக்கிழமை சிராங்கூன் நார்த் கடைங்க பக்கம் போறேன், ஃபிட்டிங் கிடைச்சா அன்னைக்கே மாட்டிடுவேன், அப்படியே ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் புடிக்கிற இரும்புத் துகள்) போட இன்னொரு சின்ன ரியாக்டரும் பாக்கணும்.

கார்பன் போட்டு இன்னைக்கு 19-ஆவது நாள். ரெண்டு வெள்ளை வாளி, ஒண்ணுல புது உப்புத்தண்ணி ஒண்ணுல டேங்க் தண்ணி, ஜன்னல் பக்கம் வச்சு ஞாயித்துக்கிழமை தோறும் பாக்கறேன், இதுவரைக்கும் வித்தியாசம் தெரியல. லேசா மஞ்சள் தட்டினா அன்னைக்கே மாத்திடுவேன். லெதர் ஃப்ராக்ல ரெண்டு கல்லுல ஒட்டிக்கிச்சு, மூணாவது இன்னும் ரப்பர் பேண்டுலதான் இருக்கு.