போலிக் ஆசிடும் ஒரு கதர் அங்கியும்

அக்கா முழுகாமல் இருக்கிறாள். போலிக் ஆசிட் வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போன இடத்தில் மருந்து ஆராய்ச்சியாளர் எல்லாப்ரகட சுப்பாராவ் ஞாபகம் வந்துவிட்டது.

1947வாக்கில் பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு போலிக் ஆசிட் வகை மருந்தைத்தான் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது. அங்கேதான் பொறி தட்டியது. செல் பெருக டிஎன்ஏ வேண்டும், டிஎன்ஏ உருவாக போலேட் (போலிக் ஆசிட் வகைச் சத்து) வேண்டும். அந்த வழியையே அடைத்துவிட்டால்?

போலேட் வேடம் போட்டு, நொதியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்து, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவர் சுப்பாராவ். நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். (கதர் அங்கி போட்ட குற்றத்துக்கு எம்பிபிஎஸ் கொடுக்காமல் அதற்குக் கீழான எல்எம்எஸ் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்களாம். என்னத்தச் சொல்ல!)

1948 ஜூனில் பார்பரின் கட்டுரை வந்தது. அமினோப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. தற்காலிகமாகத்தான். ஆனால் அதுவரை அதுகூட நடந்ததில்லை. ஆகஸ்டில் சுப்பாராவ் போய்விட்டார், வயது 53.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்னமும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறது. மூட்டுவாதத்துக்கும் அதைக் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே எழுதித் தருவது எது தெரியுமா? அக்காவுக்கு நான் வாங்கிய அதே போலிக் ஆசிட்.