முள்ளுக்கத்தரி நாற்று: ஆடி முதல் ஆவணி வரை

ஜூலை 17

ஆடி முதல் நாள். இலவம்பாடி முள்ளுக்கத்தரி விதையை 98 குழிகள் கொண்ட தட்டில் ஊன்றினேன். தென்னை நார்க்கழிவை மூன்று முறை அலசி, செம்பழுப்புத் தண்ணீர் தெளிந்த பிறகே மண்புழு உரத்தோடு கலந்தேன்; அதில் தங்கும் உப்பு இளவேருக்கு ஆகாது. சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியில் புரட்டிய விதைகளைக் குழிக்கு ஒன்றாக, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தேன். தட்டை மாடிக்குத் தூக்கிச் சென்றவள் மருமகள். மூன்று மாதம் நான் எடை தூக்கக் கூடாது.

ஜூலை 20

ஒன்றும் முளைக்கவில்லை.

ஜூலை 25

61 முளைகள். ஒன்று மட்டும் விதை ஓடு தலையில் மாட்டியபடி, வித்திலைகளை விரிக்க முடியாமல் வளைந்து நின்றது. பிய்த்தால் வித்திலையும் கிழியும் என்பதால், விரல் நுனியால் ஒரு சொட்டு நீர் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மாலையில் ஓடு தானே கழன்றது.

ஜூலை 31

இரவெல்லாம் உறக்கமில்லை. காலையில் பார்த்தால் ஏழு நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. இலை பசுமையாகவே இருக்க, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நீர் கோத்து, பழுத்து, நூலாக இளைத்திருந்தது. நாற்றழுகல். மூன்று நாள் மூடாக்கு வானம் இருந்தும் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தவன் நான். சாய்ந்தவற்றைக் குழி மண்ணோடு எடுத்தெறிந்து, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொன்னேன். இனி மேல்மண் வெளுத்த பிறகே தண்ணீர்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மேலும் நான்கு போய்விட்டன. நேற்றிலிருந்து எதுவும் சாயவில்லை.

ஆகஸ்ட் 12

நாற்றை வெயிலுக்குப் பழக்கத் தொடங்கினோம். நிழல்வலைக்குள் வளர்ந்த இலையின் மேல்தோல் மெல்லியது. ஒரேயடியாக உச்சி வெயிலில் வைத்தால் வெந்துவிடும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்ட வேண்டும். தண்ணீரையும் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மருமகள்தான் தட்டை வெளியே எடுத்து, மீண்டும் உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது. “மாமா, நீங்கள் நேரத்தை மட்டும் சொல்லுங்கள்” என்கிறாள்.

ஆகஸ்ட் 14

மருத்துவமனையில் வரிசை நகரவே இல்லை. வீடு திரும்பும்போது மணி ஒன்றரை. தட்டு முழு வெயிலில் கிடந்தது. மேற்கு ஓரத்து இலைகளில் காகிதம் போல வெளுத்த திட்டுகள். குருத்து மட்டும் தப்பியிருக்கிறது. எங்கள் இருவருக்குமே சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 16

வெளுத்த நாற்றுகளிலும் புதிய இலை வந்திருக்கிறது. தொட்டால் தடிப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20

34ஆம் நாள். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல், இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டோம். குழியிலிருந்து எடுத்தபோது வெள்ளை வேர்கள் மண்ணை உதிராமல் பிடித்திருந்தன. நடுவதை மட்டும் நானே செய்தேன். அதில் எடை ஏதும் இல்லை.

ஆகஸ்ட் 22

நட்ட மூன்றாம் நாள் விடும் உயிர்த்தண்ணீரைப் பாய்ச்சினோம். பகலில் துவண்டவை இரவுக்குள் நிமிர்ந்துவிட்டன. கிழக்கு வரிசையில் இரண்டு மட்டும் நிமிரவில்லை. நாளைக் காலை ஸ்கேன். ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். அதற்கு முன் அவற்றுக்குத் தென்னை மட்டையால் நிழல் கட்டச் சொல்லியிருக்கிறேன்.