பங்குனி முடிவதற்குள்

பங்குனி 3, திங்கள்
சங்கத்தின் நிரல்களை எழுதிய அண்ணைக்கு இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை.
சங்கத்தின் ஐபிஎம் கணினியான ஏஎஸ்400 இல், கோப்புகளையும் நிரல்களையும் வைக்கும் லைப்ரரிக்குள் இன்னொரு லைப்ரரியை வைக்க முடியாது. மற்ற எல்லா லைப்ரரிகளையும் தன்னுள் வைத்திருப்பது கியூசிஸ் என்ற அமைப்பு லைப்ரரி ஒன்றுதான். ஆகவே பெயராலேயே பிரிக்க வேண்டும், பெயருக்கோ பத்து எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. தரவுக்கு ஒன்று, நிரல்களுக்கு ஒன்று, நிரல்களின் எழுத்து வடிவமான மூலநிரலுக்கு ஒன்று என மூன்றை உருவாக்கினேன். தரவு நாள்தோறும் மாறும், நிரல் எப்போதாவது மாறும். இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தால், தரவை மீட்பதற்காக நேற்றைய லைப்ரரியை முழுதாகத் திருப்பும் நாளில், இன்று திருத்திய நிரலும் அழிந்துபோகும்.

பங்குனி 5, புதன்
வட்டி நிரலின் மூலம் எது?

பங்குனி 7, வெள்ளி
எந்தக் கோப்பின் எந்த மெம்பரிலிருந்து (கோப்புக்குள் இருக்கும் தனிப் பகுதி), எத்திகதியில் திருத்திய மூலத்திலிருந்து தான் கம்பைல் செய்யப்பட்டது, அதாவது இயங்கும் நிரலாக மாற்றப்பட்டது என்பதை ஒவ்வொரு நிரலும் தன்னோடு வைத்திருக்கிறது. அந்த விபரத்தை மெம்பரின் திகதியோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன், அநேகமானவை பொருந்தின. வட்டி நிரல் காட்டும் இடமோ கியூடெம்ப். பயனர் வெளியேறியதும் தானாகவே இல்லாமற்போகும் லைப்ரரி அது. அதே பெயரில் இரண்டு மெம்பர்கள் இரண்டு கோப்புகளில் இருக்கின்றன, இரண்டுமே வேறு திகதிகளில் திருத்தப்பட்டவை. சீஎல் என்ற கட்டளை மொழியில் எழுதிய நிரலாக இருந்திருந்தால் ஒரு கட்டளையால் மூலத்தை நிரலிலிருந்தே மீட்க முயன்றிருக்கலாம், இது ஆர்பிஜி மொழியில் எழுதியது. பிந்தியதையே கம்பைல் செய்துவிடலாமே என்று கணக்காளர் கேட்டார். சங்கத்தில் பணம் போட்டவர்களின் வட்டி அது; ஊகத்தில் விட எனக்கு மனம் வரவில்லை.

பங்குனி 10, திங்கள்
அண்ணையிடம் கேட்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “இப்ப வேண்டாம் தம்பி, ஆள் கண் திறக்கிறதே குறைவு” என்றார்.

பங்குனி 13, வியாழன், போயா (பௌர்ணமி விடுமுறை)
யாரும் உள்நுழையாத நாள் என்பதால் தரவுக் கோப்புகளை இடம் மாற்றினேன். புதிதாக உருவாக்காமல் அப்படியே நகர்த்தியதால் நிரல்கள் திறக்கும்போது ஒப்பிடும் பதிவு அமைப்பின் அடையாளம் மாறவில்லை, நிரல்கள் அவற்றைத் தடையின்றித் திறந்தன. சில நிரல்களில் பழைய லைப்ரரியின் பெயர் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. கோப்புகளை எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் லைப்ரரிப் பட்டியலைப் பார்த்து நடக்க வேண்டியவை அவை. ஆகவே பழைய லைப்ரரியின் பெயரையே மாற்றிவிட்டேன். அந்த நிரல்கள் இனிச் சத்தமில்லாமல் பழைய கோப்பில் எழுதமாட்டா. பிழை காட்டி நின்றுவிடும். நிற்பதே நல்லது.

பங்குனி 18, செவ்வாய்
சோதனைத் தரவைப் பட்டியலின் முன்னால் வைத்து, மாசி மாதக் கணக்குகளின் பிரதியில் இரண்டு மெம்பர்களையும் தனித்தனியே கம்பைல் செய்து ஓட்டினேன். முதலாவது பல இடங்களில் பிழைத்தது. இரண்டாவது, மாதத்தின் நடுவில் மூடிய கணக்குகளைத் தவிர எல்லாவற்றிலும் பழைய நிரலோடு சதம் பிசகாமல் பொருந்தியது. அந்தச் சில கணக்குகளுக்கான வரிகள் கியூடெம்போடு போய்விட்டன.

பங்குனி 21, வெள்ளி
மூடிய கணக்குகள், மூடிய கணக்குகள். வேறெதிலும் மனம் செல்லவில்லை.

பங்குனி 26, புதன்
காய்ச்சல் விட்டுவிட்டது. நாளை பின்னேரம் போதனா வைத்தியசாலைக்கு வந்தால் அண்ணை சிறிது நேரம் கதைப்பாராம். அந்த வரிகள் இருக்க வேண்டிய பகுதியை மட்டும் அச்சிட்டு எடுத்துச் செல்கிறேன். அதுவரை பழைய நிரலை நீக்குவதில்லை.