ஒரு பட்டாளத்து வீடு

1971 டிசம்பர்ப் போரில் தந்தையை இழந்த ஒருவன் நம் பள்ளியில் என்னோடு படித்தான் என்பதை அறிந்தோர் நம் சங்கத்தில் இன்று மிகச் சிலரே ஆதலால், அக்குடும்பத்தைப் பற்றி இம்மலரில் எழுதி வைக்க விரும்புகிறேன். அவன் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் உள்ளதுபோல வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பும் வழக்கம் தாராபுரத்தைச் சுற்றிய நம் ஊர்களில் இருந்ததில்லை. மேட்டாங்காட்டை நம்பிய குடியில் பிறந்த அவனுடைய தந்தை, கிணறு வற்றிக் கடன் ஏறிய ஓர் ஆண்டில், மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்குச் சென்று மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். விடுப்பில் வந்திருந்தபோது நான் பார்த்த அவர் சீருடையில் இல்லை; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய இன்லண்டு கடிதங்களில் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக முகவரி மட்டுமே இருக்கும். இருக்கும் இடத்தை எழுத அனுமதியில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் மகன்தான் வீட்டுக் கூடமான ஆசாரத்தில் அமர்ந்து உரக்கப் படிப்பான். அதை அறிந்தே அவர், 'உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு' என்று மகன் வழியாகவே மனைவியோடு பேசி வந்தார்.

டிசம்பர் 3 அன்று போர் தொடங்கியது. 7ஆம் தேதி படைவீரர் கொடிநாளுக்குக் காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு எல்லோரையும்விட நிமிர்ந்து நடந்தவன் அவன்தான். 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தியை வானொலியில் கேட்டு ஊரே மகிழ்ந்தது. ஆனால் மேற்கே பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ஷகர்கர் பகுதியில், கண்ணிவெடி புதைத்த பசந்தர் ஆற்றங்கரையில் சண்டை ஓயவில்லை. 17ஆம் தேதி இரவு 8 மணிக்குத்தான் அங்கே போர்நிறுத்தம் வந்தது. அந்த இரண்டு நாட்களுக்குள்தான் அவனுடைய தந்தை அங்கே இறந்திருந்தார். தந்தி சில நாள் கழித்து வந்தது.

அந்நாளில் போரில் இறந்தவர்களைக் களத்துக்கு அருகிலேயே எரியூட்டுவதுதான் வழக்கம். உடலை ஊருக்குக் கொண்டுவருவது 1999 கார்கில் போரின்போதுதான் பரவலாயிற்று. 'மகன் முகத்தைப் பார்க்காமல் மருமகள் தாலியைக் கழற்ற விடமாட்டேன்' என்று அவனுடைய அப்பத்தா உறுதியாக நின்றுவிட்டார். உறவினர் சிலர் அதைப் புத்தி பேதலித்த பேச்சு என்றார்கள். எனக்கு இன்றும் அப்படித் தோன்றவில்லை. மகனின் ராணுவ எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி ரயிலில் வந்து சேர்ந்த பிறகே, அதை வாசலில் இறக்கி வைத்து, எல்லோரும் சுற்றி நின்று அழுது, அந்த வீட்டில் சடங்குகள் நடந்தன. அப்போது கடைசிப் பெண் இன்னும் பிறக்கவில்லை.

வெள்ளைச் சீலை கட்டிய அந்த இளம் தாயார்தான் பிறகு அந்தக் குடும்பமாக இருந்தார். ஓய்வூதியத்துக்காகக் கருவூலத்துக்கும், அங்கிருந்து வேறொரு சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும், கைக்குழந்தையோடு பேருந்தில் அலைந்தார். கைநாட்டு வைக்கும்போது பார்த்தவர்களின் முகம் பிடிக்காமல், மகனிடம் சிலேட்டில் எழுதிப் பழகி, மறு ஆண்டு கையெழுத்துப் போட்டார். அவனுடைய தாத்தாவான அப்பாருக்குக் கண் மங்கிய பிறகு தோட்டத்தையும் தாமே பார்த்தார். கணவர் எந்தக் கடனுக்காகப் பட்டாளத்துக்குப் போனாரோ அதை அடைத்தவரும் அவரே. கொடிநாள் மேடைகளில் 'வீரரின் விதவை' என்று அழைத்துச் சால்வை போர்த்தியவர்கள் இவற்றில் ஒன்றையும் சொல்லாதது எனக்கு இன்றும் வருத்தமே. மூன்று பிள்ளைகளும் நம் பள்ளியில்தான் படித்தார்கள்.

2019 பிப்ரவரியில் டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அங்கே கருங்கற்களில் பொறித்த பெயர்களிடையே தந்தையின் பெயரைக் கண்டுவந்த கடைசிப் பெண், அவர் எப்படிப் பேசுவார் என்று அண்ணனிடம் கேட்டாள். அவன் கடிதங்கள் அனைத்தையும் நகலெடுத்துக் கட்டித் தங்கைகள் இருவருக்கும் கொடுத்தான். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினான். போரைப் பற்றி அவற்றில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், கடலை என்ன விலை போயிற்று, பையன் கணக்கில் என்ன மதிப்பெண் வாங்கினான் என்பவையே பக்கம் பக்கமாக இருக்கின்றன.