ஃபோ கடையில ஒரு அமாவாசை

ஸ்பிரிங்வேல் பக்கம் போனா நான் சாப்பிடறது ஒண்ணே ஒண்ணுதான், ஃபோங்கற வியட்நாம் நூடுல்ஸ் சூப்பு. ஃபோன்னு எழுதிட்டேனே தவிர சொல்றது அப்படி இல்ல, யாராவது நம்ப முடியாத விஷயம் சொன்னா நாம "ஆங்?"னு இழுப்போமே, அந்த இழுவையில "ஃபா?"ன்னு சொல்லணும். மூணு வருஷம் நான் தப்பா சொல்லி கவுண்டர் ஆன்ட்டி சிரிச்சு சிரிச்சு, இப்பல்லாம் பேரே சொல்றதில்ல, மெனு நம்பர்தான். 14, ஸ்மால்.

மெல்பர்ன்ல இருக்கறவங்களுக்கு இந்த ஏரியா தெரிஞ்சிருக்கும். 1975ல தெற்கு வியட்நாம் தலைநகர் சைகோன் போர்ல விழுந்ததுக்கு அப்புறம் வியட்நாம்ல இருந்து வந்த அகதிங்க நிறைய பேர் முதல்ல தங்கின ஹாஸ்டல் இங்கதான் இருந்துச்சு, அப்படியே பக்கத்துலயே வீடும் கடையும் போட்டு உக்காந்துட்டாங்க. நான் போறது ஃபுட் கோர்ட்ல ஒரு மூலை, அவ்ளோதான். பிளாஸ்டிக் டிரே, டப்பால சொருகின சாப்ஸ்டிக், ஒரு சிவப்பு பாட்டில், ஒரு கருப்பு பாட்டில்.

14ன்னா பச்ச மாட்டுக்கறிய பேப்பர் மாதிரி சீவி நூடுல்ஸ் மேல பரப்பி, கொதிக்கற சூப்ப அப்படியே ஊத்தித் தருவாங்க. டேபிளுக்குத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள கறி ஓரம் எல்லாம் வெந்து நிறம் மாறிடும், நடுவுல மட்டும் கொஞ்சம் ரோஸ் மிச்சம் இருக்கும். (அம்மா இதப் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதறேன்.) உடனே நூடுல்ஸ்ல கை வைக்காதீங்க, முதல்ல ரெண்டு ஸ்பூன் வெறும் சூப்பு. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய், எல்லாம் நம்ம பிரியாணி சாமான்தான், ஆனா மிளகாயும் கிடையாது நெய்யும் கிடையாது, எலும்போட மணிக்கணக்குல சின்ன தீயில கெடக்கும், அதுல வெங்காயத்தையும் இஞ்சியையும் தோல் கருக சுட்டுப் போடறதால லேசா ஒரு புகை வாசம் வேற. பிரியாணி அண்டாவத் தொறந்ததும் மூஞ்சில அடிக்கற முதல் ஆவிய மட்டும் புடிச்சுத் தண்ணியாக்கின மாதிரி இருக்கும். இத ஒரு வாய் கூட பாக்காம சிவப்பு சாஸ பீய்ச்சி அடிக்கறவங்கள பாத்தா எனக்குக் கோவம் வரும், ரசத்துல ஊறுகாயக் கரைச்சுக் குடிக்கற மாதிரி இருக்கு. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் குடிச்சேன், அது வேற.

போன ஜூன்ல அம்மா வந்திருந்தாங்க. வெளிய 9 டிகிரி, காத்து வேற. சிக்கன் ஃபோ வாங்கித் தரேன் வாம்மான்னு கூட்டிட்டுப் போயி கியூல நின்னு கவுண்டர் வந்ததுக்கு அப்புறம் அம்மா மெதுவா சொல்றாங்க, "இன்னைக்கு அமாவாசைடா". சரி, போர்டுல வெஜிடபிள் ஃபோன்னு இருக்கே, அதச் சொன்னேன். ஆன்ட்டி அம்மாவ ஒரு பார்வை பாத்துட்டு "நோ மீட்?"னு கேட்டாங்க, நான் தலையாட்டினேன். "நோ நோ. சூப், பீஃப் போன்"னுட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வேற ஒரு கடையில என் சுத்த சைவ ஃபிரண்டுக்கு எத்தனை தடவ இந்த வெஜிடபிள் ஃபோவ வாங்கித் தந்திருக்கேன்! மேல மெதக்கற ப்ரோக்கோலி மட்டும்தான் வெஜ் போல. (அவன்கிட்ட இன்னும் சொல்லல.)

அப்புறம் ஆன்ட்டி பின்னாடி சுவத்தைக் காட்டினாங்க. நம்ம ஊர் மாதிரியே தினம் கிழிக்கற காலண்டர், பெரிய தேதிக்குக் கீழ சின்னதா 1ன்னு இருந்துச்சு. அவங்க சந்திர மாசம் அமாவாசை அன்னைக்குத்தான் பொறக்குது, 1ம் நாளும் 15ம் நாளும் கறி மீன் தொடாதவங்க அங்க நெறைய பேராம். "டுடே மீ ஆல்சோ, சாய்"னாங்க. அவங்க பாஷைல சைவ சாப்பாட்டுக்கு அதான் பேரு. அம்மா உடனே என் கையப் புடிச்சு, "டீ எல்லாம் வேணாம்னு சொல்லுடா".

கடைசில அம்மா ஹேண்ட்பேக்ல இருந்து தயிர்சாத டப்பா வந்துச்சு (எப்பவும் இருக்கும்), ஆன்ட்டி அவங்க டிஃபன்ல இருந்து பொரிச்ச டோஃபு நாலு துண்டு எடுத்து ஒரு தட்டுல வச்சுத் தந்தாங்க. கூட ஃபோவுக்குத் தர்ற இலைத் தட்டு, முளைகட்டின பயறு, எலுமிச்சை, ஒரு கொத்து இலை. வடக்கு வியட்நாம்ல ஹனாய் பக்கம் ஃபோவுக்கு இவ்ளோ தழை கிடையாதாம், 1954ல நாடு ரெண்டானப்ப வடக்குல இருந்து வந்தவங்களோட ஃபோவும் தெக்க வந்து, அங்கதான் இதெல்லாம் சேந்துச்சாம். அம்மா ஒரு இலையக் கசக்கி மோந்து பாத்தாங்க. மறுபடி மோந்தாங்க.

"இது திருநீத்துப்பச்சிலைடா! எங்க வீட்டுக் கெணத்தடில மண்டிக் கெடக்கும். இதப் போயி சூப்புலயா போடறாங்க?"

பேர் தெரியாம நானும் இத்தன வருஷம் தாய் (தாய்லாந்து) பேசில்னே சொல்லிட்டு இருந்திருக்கேன். ஃபலூடால போடற சப்ஜா விதை கூட இந்தச் செடி குடும்பம்தான்.

கெளம்பறப்ப ஆன்ட்டி ஒரு கொத்த பிளாஸ்டிக் பைல சுத்தி அம்மா கைல குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் கிச்சன் ஜன்னல் ஓரமா கிளாஸ்ல தண்ணி ஊத்தி சொருகி வச்சாங்க, பத்து நாள்ல வெள்ளையா வேர் விட்டுச்சு. அம்மா ஊருக்குப் போயாச்சு, செடி இப்ப தொட்டில இருக்கு. வெளிய வச்சா குளிர்ல செத்துடும்னு தினம் போன்ல ஒரு தடவ சொல்றாங்க, அதனால ஹீட்டர் பக்கத்துல என் சேரை நகத்திட்டு அதுக்கு எடம் குடுத்திருக்கேன்.