மதிப்பீட்டாளர் வர முதல் பார்க்க வேண்டியது வேலியும் ஒழுங்கையும்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிற எங்கள் வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்கலாம் என்று வங்கிக்குப் போனால், முதலில் மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டும், ஆளை நாங்களே அனுப்புவோம், அவருக்குரிய காசை நீங்கள் கட்டுங்கள் என்றார்கள். இதைக் கேட்டதும் அம்மா பெயின்ற் கடையில் விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டா. நான் வேண்டாம் என்றேன். இந்தப் பக்கம் பழைய வீட்டை விடக் காணிக்குத்தான் விலை, கட்டடத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டு வயதுக்குத் தேய்மானமும் கழித்துவிடுவார்கள், சுவரின் நிறத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒழுக்கு, வெடிப்பு என்றால் வேறு கதை. பின் விறாந்தையில் உடைந்த ஓடுகளை மாற்றி, கறையான் அரித்த சலாகைகளையும் கழற்றிப் புதிது போட்டோம்.

மிச்ச வேலை எல்லாம் காணியில்தான். அம்மாவின் சீதன உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், '3 பரப்பு வரகுக் கலாசாரம் 4 குழி' என்று இருக்கிறது. வரகுக் கலாசாரம் என்பது எங்கள் பக்கத்துப் பழைய காணி அளவு முறை. அதில் 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச், அப்படிப் பார்த்தால் 32 பேர்ச்சுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் நில அளவையாளர் வந்து புதிதாக அளந்தபோது அவ்வளவு வரவில்லை. ஒழுங்கையை அகலமாக்க ஒரு காலத்தில் வேலியை உள்ளுக்கு எடுத்தார்களாம், உறுதியை யாரும் திருத்தவில்லை. மதிப்பீட்டாளர் வந்து கண்டுபிடிக்க முதல் எங்கள் கையில் பிளான் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

எல்லைக்கல்லில் ஒன்று மண்ணுக்குள் புதைந்து, மேலே கிளுவை வளர்ந்து மூடிக் கிடந்தது. தோண்டி எடுத்துத் தலையில் வெள்ளை பூசினோம், அம்மாவின் பெயின்ற் ஆசையும் அதோடு தீர்ந்தது. ஒழுங்கை வாசலில் பக்கத்து வீட்டுப் பூவரசு சரிந்து நின்றது. "அண்ணை, கார் ஒன்று உள்ளே வர வேணும், கொஞ்சம் வெட்டி விடலாமோ?" என்று கேட்டேன், அவரே கத்தியோடு வந்துவிட்டார். வாகனம் வாசல் வரை வருகிற காணிக்கும் நடந்து போகிற காணிக்கும் விலை ஒன்றாக இராது.

வந்த மதிப்பீட்டாளர் கதிரையில் இருக்கவே இல்லை. ஒழுங்கையின் அகலத்தை அளந்தார், எல்லைக்கற்களைப் பிளானோடு ஒப்பிட்டார், படம் எடுத்தார். கிணறு பங்குக் கிணறு என்றதும் உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கிற வரியைக் காட்டச் சொன்னார், அந்தப் பக்கத்துக்கு நான் முதலே அடையாளம் வைத்திருந்தேன். அப்புறம் சபைக்குக் கட்டிய சோலைவரி ரசீது, கட்டட அனுமதி. பின்னால் இழுத்துக் கட்டிய குசினிக்குப் பிரதேச சபை அனுமதி இல்லை, அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். வாதாடிப் பயனில்லை.

அறிக்கையில் சந்தைப் பெறுமதி, கட்டாய விற்பனைப் பெறுமதி என்று இரண்டு தொகை இருந்தது. இரண்டாவது, அவசரமாக விற்க வேண்டி வந்தால் கிடைக்கிற விலை. வங்கி பார்த்தது அந்தக் குறைந்ததைத்தான். முதல் தொகையைப் பார்த்துவிட்டு வீட்டு வேலைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது ஈட்டுறுதி எழுத நொத்தாரிசிடம் வந்து நிற்கிறது. சீதனக் காணி அம்மாவுடையதுதான், ஆனாலும் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி அப்பாவின் எழுத்துச் சம்மதம் வேண்டுமாம். அப்பா வவுனியாவில் நிற்கிறார், வெள்ளிக்கிழமை வருவார்.